சட்டம் சாதியைக் கேட்பதில்லை. அலுவலகம் ஏன் பெற்றோரைக் கேட்கிறது?

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில், அபிராமேசுவரர் கோயிலுக்கு எதிரே உள்ள முத்தாம்பிகை அம்மன் சந்நிதியில் வட்டப்பாறை என்றோர் இடம் உண்டு. நீதிமன்றப் படியேற வேண்டிய பல வழக்குகளை இவ்வட்டார மக்கள் அங்கே சத்தியம் செய்து தீர்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் பொய்ச் சத்தியம் செய்தவர் தண்டனைக்குத் தப்ப மாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அதன் அடியில் உள்ள கருத்து மட்டும் நமக்குப் பழக்கமானது: பிறர் அறிய, தன் விருப்பத்தோடு, புரிந்த மொழியில் ஒருவர் கொடுக்கும் சொல் அவரைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டின் திருமணச் சட்டமும் இதே கருத்தின்மேல்தான் நிற்கிறது. ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக இருவர் சாட்சிகள் முன்னிலையில் சொன்னால், அந்தச் சொல்லே திருமணம்.

ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்குப் போகும்போதெல்லாம் கல்லூரி மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி மாறுவதே இல்லை. “பெற்றோர் சம்மதம் இல்லாமல் செய்துகொண்ட திருமணம் செல்லுமா?” சாதி மறுத்து மணக்க விரும்புவோரின் வாழ்வும் சாவும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றன. செல்லும் என்பதே விடை. அந்த விடை ஏன் போதவில்லை என்பதையும், சட்டம் உண்மையில் எவற்றைக் கேட்கிறது, எவற்றைக் கேட்கவில்லை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பதிவுச் சான்றிதழின் கதை

1993 வரை இன்றைய விழுப்புரமும் கடலூரும் தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள் முருகேசனும் கண்ணகியும். முருகேசன் பொறியியல் பட்டம் பெற்ற தலித் இளைஞர். கண்ணகி வணிகவியல் படித்த வன்னியர் பெண். இருவரும் வயது வந்தவர்கள். 2003 மே மாதம் கடலூரில் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். கண்ணகியை மூங்கில்துறைப்பட்டில் ஓர் உறவினர் வீட்டில் தங்கவைத்திருந்தார் முருகேசன். 2003 ஜூலை 8 அன்று இருவரும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டு, எரிக்கப்பட்டார்கள்.

உள்ளூர்க் காவல்துறை முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கைத் திரித்தது. வழக்கு பின்னர் சி.பி.ஐ.க்கு மாற்றப்பட்டது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது. கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனை, மற்றவர்களுக்கு ஆயுள். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், பொய் ஆதாரம் புனைந்த இரு காவல் அதிகாரிகள் உள்ளிட்டோர் குற்றவாளிகளே என்பதை உறுதிசெய்தது. முழு நீதி கிடைக்கக் கிட்டத்தட்ட 22 ஆண்டுகள்.

இவ்வழக்கில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. சட்டம் கேட்ட நிபந்தனைகளில் எதையும் அவர்கள் மீறியிருக்கவில்லை. சான்றிதழும் கையில் இருந்தது. அந்தத் தாள் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆகவே திருமணச் சட்டத்தை இரண்டு நோக்கில் படிக்க வேண்டியிருக்கிறது: திருமணம் செல்ல என்ன வேண்டும் என்பது ஒன்று, திருமணம் செய்தவர்கள் உயிரோடிருக்க என்ன வேண்டும் என்பது மற்றொன்று.

சட்டம் கேட்கும் ஐந்து

இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்குப் பொருந்துவது 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். அதன் 5-ஆம் பிரிவு ஐந்து நிபந்தனைகளை மட்டுமே விதிக்கிறது.

முதலாவது, திருமண நேரத்தில் இருவரில் எவருக்கும் உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. விவாகரத்தானவர்கள் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றிருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து எழுதிக்கொடுத்த ‘அத்துவிட்ட’ காகிதத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்வது ஆபத்து. இரண்டாவது, மனநலக் குறைபாட்டால் சம்மதம் தர இயலாத நிலையில் எவரும் இருக்கக் கூடாது. மூன்றாவது, மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். நான்காவது, இருவரும் தடைசெய்யப்பட்ட உறவுமுறைக்குள் இருக்கக் கூடாது. ஐந்தாவது, சபிண்டர்களாக, அதாவது தாய்வழியில் மூன்று, தந்தைவழியில் ஐந்து தலைமுறைகளுக்குள் பொது மூதாதையரைக் கொண்டவர்களாக இருக்கக் கூடாது. கடைசி இரண்டுக்கும் வழக்காறு விதிவிலக்கு தருகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் தமிழ் வழக்கம் சட்டப்படி நிலைப்பது அந்த விதிவிலக்கால்தான்.

முதல், நான்காம், ஐந்தாம் நிபந்தனைகளை மீறிய திருமணம் 11-ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. இரண்டாவதை மீறியதையும், வலுக்கட்டாயத்தாலோ மோசடியாலோ சம்மதம் பெறப்பட்டதையும் நீதிமன்றத்தை அணுகி ரத்து செய்துகொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். சாதி மறுத்து மணந்த பெண்ணைப் பிரித்து அழைத்துச் சென்று, அவசர அவசரமாகச் சொந்தச் சாதியில் வேறொருவருக்குக் கட்டிவைப்பது வழக்கமாக நடக்கிறது. முதல் திருமணம் முறைப்படி நடந்திருந்தால் இந்த இரண்டாவது திருமணத்துக்குச் சட்டத்தில் உயிரில்லை. எத்தனை பேர் வந்து மொய் வைத்திருந்தாலும் அது திருமணமே அல்ல. ஆனால் இந்த வாதத்தை வைக்க, முதல் திருமணம் நடந்ததற்கான ஆதாரம் வேண்டும்.

சட்டம் கேட்காத இரண்டு

ஐந்து நிபந்தனைகளிலும் சாதி இல்லை. அது தற்செயலாக விடுபட்டது அல்ல. வேறு வேறு சாதியினர் என்ற காரணத்தால் மட்டும் இந்துக்களிடையே நடந்த திருமணம் செல்லாததாகாது என்று 1949-லேயே இந்து திருமணங்கள் செல்லுபடிச் சட்டம் அறிவித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 29-ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. சாதியை ஒழிக்கும் மெய்யான மருந்து கலப்பு மணமே என்று 1936-இல் எழுதிய அண்ணல் அம்பேத்கர், சட்ட அமைச்சராக இந்து சட்டத் தொகுப்புக்காகப் போராடி, அது நிறைவேறாத நிலையில் 1951-இல் பதவி விலகியதை நாம் அறிவோம்.

பெற்றோர் சம்மதமும் அந்த ஐந்தில் இல்லை. வயது வந்த இருவர் தாமே முடிவெடுக்கலாம் என்பதை லதா சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-இல் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்றது. சக்தி வாகினி வழக்கில் 2018-இல், இரு வயது வந்தோரின் திருமணத்தைத் தடுக்கக் கூடும் எந்தக் கூட்டமும் சட்டவிரோதம் என்றது. இருவரும் வயது வந்தவர்களாக இருந்து சம்மதித்துவிட்டால் குடும்பத்தின், சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று லட்சுமிபாய் சந்தரகி வழக்கில் 2021-இல் மீண்டும் சொன்னது. ஒரே விடையை உச்ச நீதிமன்றம் இத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதே, அந்த விடை காவல் நிலையங்களையும் பதிவு அலுவலகங்களையும் இன்னும் சென்றடையவில்லை என்பதற்குச் சான்று.

எது திருமணம்?

நிபந்தனைகளுக்கு அடுத்தது வடிவம். 7-ஆம் பிரிவு இருவரில் ஒருவரின் வழக்கப்படியான சடங்குகளைக் கேட்கிறது. புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1928-இல் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததிலிருந்து பெருகின. ஆனால் தெய்வானை ஆச்சி வழக்கில் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலை கேள்விக்குள்ளானது. அண்ணா முதல்வரானதும் 1967-இல் இயற்றப்பட்டு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 7-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அது செல்லுபடி தந்தது.

இப்பிரிவு கேட்பது மிகக் குறைவு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். தாலி கட்டாயமில்லை, புரோகிதர் கட்டாயமில்லை, கோயிலும் கட்டாயமில்லை. பட்டியல் சாதியினர் உள்ளே நுழைந்ததற்காகத் தாக்கப்பட்டு, 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்ட மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் இருப்பது இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான். கோயில் வாசலில் நிறுத்தப்படும் மக்களுக்குத் திருமணம் செய்யக் கோயில் வேண்டியதில்லை என்ற சட்டத்தின் பொருள் வேறு எவரையும்விட நன்றாகப் புரியும். இப்பிரிவின்படி நடந்த திருமணத்துக்கு ஏழடி எடுத்துவைக்கும் சப்தபதி தேவையில்லை என்பதை நாகலிங்கம் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

சாட்சியாக எவர் இருக்கலாம் என்பதிலும் குழப்பம் இருந்தது. வழக்கறிஞர் அலுவலகங்களில் நடத்தப்படும் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்றும், திருமணம் ஊரறிய நடக்க வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் பாலகிருஷ்ண பாண்டியன் வழக்கில் கூறியிருந்தது. ஊரறிந்தால் உயிர் போகும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் ஊரறியச் செய்யச் சொன்ன தீர்ப்பு அது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று ஒதுக்கியது. 7-அ பிரிவு பொது அறிவிப்பையோ பெருங்கூட்டத்தையோ கேட்கவில்லை. குடும்ப எதிர்ப்புக்கு அஞ்சி மறைவாக மணப்பவர்களிடம் அதைக் கேட்பது அவர்கள் உயிரையே ஆபத்துக்குள்ளாக்கும். வழக்கறிஞர் ஒருவர் நண்பராகவோ உறவினராகவோ சமூக ஆர்வலராகவோ முன்னிற்பதில் தடையில்லை என்றது நீதிமன்றம். இது தமிழ்நாட்டுக்கான திருத்தம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெங்களூருவுக்கோ மும்பைக்கோ ஓடிப்போய் அங்கே மாலை மாற்றிக்கொண்டவர்கள் 7-அ பிரிவை நம்ப இயலாது.

முதலில் திருமணம், பிறகு பதிவு

பதிவுதான் திருமணம் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி இல்லை. பதிவு என்பது நடந்த திருமணத்துக்கான ஆதாரம். திருமணமே நடக்காமல், நடந்ததாகக் காகிதம் வாங்கிப் பதிவு செய்தால் அந்தச் சான்றிதழ் திருமணத்தை உண்டாக்காது என்று டாலி ராணி வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்து, எங்கும் மாலைகூட மாற்றாமல் சான்றிதழ் வாங்கும் இணையர்களை இது நேரடியாகப் பாதிக்கும். பின்னர் பெண் வீட்டார் வழக்குத் தொடுக்கும்போது சரிந்து விழும் முதல் கல் அந்தக் காகிதமாகவே இருக்கும்.

ஆகவே ஐந்து நிமிடமே நடந்தாலும் திருமணம் உண்மையாக நடக்கட்டும். உறுதிமொழியைச் சொல்வதும் மாலை மாற்றுவதும் ஒளிப்படமாகவும் காணொளியாகவும் பதிவாகட்டும். சாட்சிகளின் பெயர், முகவரி, கையொப்பம் எழுத்தில் இருக்கட்டும். தேதி, நேரம், இடம் குறிக்கப்படட்டும்.

அதன் பிறகு பதிவு. எல்லா மதத்தினரின் திருமணங்களும் பதிவாக வேண்டும் என்று சீமா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் தொடர்ச்சியாக வந்தது தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் மேலும் 60 நாட்களுக்குள் தாமதக் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பதிவாகவில்லை என்பதற்காகத் திருமணம் செல்லாமல் போகாது. ஆனால் கடவுச்சீட்டு, விசா, குடும்ப அட்டை, பாதுகாப்பு மனு, சாதி மறுப்புத் திருமண நிதியுதவி என எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான்.

இந்த இடத்தில்தான் சட்டம் வெளியே நிறுத்திய பெற்றோரை அலுவலகம் உள்ளே அழைக்கிறது. பெற்றோரின் அசல் அடையாள அட்டை கொண்டு வா, இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வா, பெற்றோரில் ஒருவராவது நேரில் வரட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட இணையர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். வயதுக்கும் அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஆவணம் கேட்பது நியாயம். வீட்டைவிட்டு வெளியேறிய பெண்ணிடம் அப்பாவின் அசல் அட்டையைக் கேட்பது, சட்டம் மறுத்த தடையுரிமையை அந்த அப்பாவிடம் பின்வாசல் வழியாகக் கொடுப்பதாகும். இவ்வாறு கேட்கப்பட்டால், விண்ணப்பத்தை எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். மறுப்பையும் அதற்கான சட்டப் பிரிவையும் எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். எழுத்தில் தர வேண்டிய நிலை வந்ததும் பல மறுப்புகள் மறைந்துவிடுகின்றன. மறையாதவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு இருக்கிறது.

மதமும் வேறானால்

ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர் அல்லது முஸ்லிம் என்றால் மேலே சொன்ன வழி பயன்படாது. இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கானது. இந்துவும் கிறித்தவரும் அச்சட்டத்தின்கீழ் செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தலித் கிறித்தவர்கள் கணிசமாக வாழும் நம் பகுதியில் இது நூலறிவு சார்ந்த நுணுக்கம் அல்ல. சான்றிதழில் ‘இந்து’, வாழ்க்கையில் தேவாலயம் என்ற இரட்டை நிலையில் பல குடும்பங்களை அரசே வைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுப்பதன் விளைவு அது. திருமணத்தின்போது எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை, இந்த நிலையைக் கருத்தில் கொண்டு, வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்வது நல்லது.

மதம் கடந்த இணையருக்கான பொதுவான வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஒருவர் கிறித்தவராக இருந்தால் 1872-ஆம் ஆண்டின் கிறித்தவத் திருமணச் சட்டமும் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தின் நிபந்தனைகளும் ஏறத்தாழ அதே ஐந்துதான். சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாட்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போகும், அங்கும் ஒட்டப்படும். 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். அதன் பிறகே மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம்.

சென்னையில் அறிவிப்புக் கொடுத்த திருவாமாத்தூர்ப் பெண்ணின் பெயரும் முகவரியும் விழுப்புரத்தில் ஒரு மாதம் பலகையில் தொங்கும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஆட்சேபணைக்கான காரணங்கள் சட்டத்தில் குறுகியவைதான். 4-ஆம் பிரிவின் நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்று மட்டுமே ஆட்சேபிக்க முடியும். சாதி, மதம், பெற்றோர் விருப்பமின்மை ஆகியவை காரணங்கள் ஆகா. ஆட்சேபணையை அலுவலர் 30 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். ஆனால் தேடி வருபவர்களுக்கு ஆட்சேபணை தேவையில்லை, முகவரி போதும். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல் அறிவிப்பை வெளியிடுவது இணையரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அந்த நிவாரணம் இல்லை. ஆகவே இச்சட்டத்தின்கீழ் மணப்பவர்கள், அறிவிப்புக் கொடுக்கும் நாளிலிருந்தே பாதுகாப்பைத் திட்டமிட வேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால் இந்த 30 நாள் அபாயத்தை ஏற்க வேண்டிய அவசியமே இல்லை. 7-அ பிரிவின்படி மணந்து பதிவு செய்யலாம்.

வயதைப் பற்றிக் கறாராகப் பேசுவோம்

காதலுக்கு ஆதரவாக நிற்கும் நாம் இந்த ஒன்றில் இளகக் கூடாது. பெண்ணுக்கு 18 வயது நிறைவதற்கு ஒரு நாள் குறைந்திருந்தாலும், அவள் விருப்பத்தோடு வந்திருந்தாலும், போக்சோ சட்டத்தின் பார்வையில் அந்த விருப்பம் விருப்பமே அல்ல. தண்டனை குறைந்தபட்சம் 10 ஆண்டு. பெண் கருவுற்றிருந்தால் 20 ஆண்டு. ‘பெண்ணைக் கடத்திவிட்டான்’ என்ற புகாரோடு தொடங்கி இளைஞரைச் சிறைக்கு அனுப்பும் வழக்குகளில், அந்த இளைஞர் தலித்தாக இருக்கும்போது சாதி வன்மத்துக்குச் சட்டமே ஆயுதமாகிவிடுகிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 தனியாக இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பெண்ணைப் பாதுகாவலரிடமிருந்து கவர்ந்து சென்று செய்த திருமணம் அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி செல்லவே செல்லாது. காத்திருங்கள் என்று சொல்வதே இங்கு சரியான சட்ட ஆலோசனை.

வயதுக்கு ஆதாரம் பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும். ஆதார் அட்டை வயதுக்கான ஆதாரமல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2024-இல் குறிப்பிட்டிருக்கிறது. இரண்டின் நகல்களும் வீட்டுக்கு வெளியே ஒரு நண்பரிடம் இருப்பது நல்லது. பெண் வெளியேறிய பிறகு முதலில் காணாமல் போவது அவளுடைய சான்றிதழ்கள்தான்.

பெண்ணுக்கு 18 நிறைந்து, ஆணுக்கு 21 நிறையாவிட்டால்? திருமணத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வதற்கு அந்த 21 தடையில்லை என்று கேரளத்திலிருந்து வந்த நந்தகுமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மணந்த பிறகு

பெரும்பாலான இணையர் முதலில் போவது அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு. அங்கே இரு குடும்பத்தையும் வரவழைத்து ‘பேசித் தீர்ப்பது’ என்ற பெயரில் நடப்பது, அரசுக் கூரையின் கீழ் நடக்கும் கட்டப்பஞ்சாயத்தே. பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பிவைக்கும் அதிகாரம் எந்த ஆய்வாளருக்கும் இல்லை. எங்கே, யாருடன் வாழ்வது என்பது வயது வந்தவரின் முடிவு என்பதை ஹாதியா வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சாதி மறுப்பு இணையரின் புகார்களைக் கவனிக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசி உதவியும் அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டது. சக்தி வாகினித் தீர்ப்பு பாதுகாப்பு இல்லங்களையும் சேர்த்தது. ஆகவே மனுவை உள்ளூர் நிலையத்தோடு நிறுத்தாமல், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு நேரிலும் பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். நகல் வழக்கறிஞரிடம் இருக்க வேண்டும். துணையைப் பிரித்துக் கொண்டுபோய் அடைத்துவைத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. இதில் ஒரு நாள் தாமதமும் பெரிது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று அறிந்தே, 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றத்தைச் செய்தவருக்கு 3(2)(v) பிரிவு ஆயுள் தண்டனை விதிக்கிறது. முன்பிணை கிடையாது. கடமை தவறிய அலுவலரை 4-ஆம் பிரிவு தண்டிக்கிறது. 15-அ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் இந்தச் சட்டம் இணையரில் ஒருவரை மட்டுமே காக்கிறது. தலித்தை மணந்ததற்காகச் சொந்தக் குடும்பத்தால் கொல்லப்படும் பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்ல. அவரது கொலைக்கு இச்சட்டம் பொருந்துவதில்லை. முருகேசனுக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு கண்ணகிக்கு இல்லை. சாதியின் பெயரால் ஒரே சுடுகாட்டில் கொல்லப்பட்ட இருவரைச் சட்டம் இரு வகையாகப் பார்க்கிறது.

சாதி ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்பதற்கான காரணங்களில் இது முதன்மையானது. 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்டதை அடுத்து, அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஓர் ஆணையத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தத் தனிச் சட்டம் கொலைக்குப் பிந்திய தண்டனையை மட்டும் பேசினால் போதாது. இணையர் இருவரையும் ஒருசேரக் காக்க வேண்டும். பதிவு அலுவலகங்கள் பெற்றோரின் ஆவணங்களைக் கேட்பதை வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் பலகை அறிவிப்பை நீக்க மாநில அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். காவல் நிலையச் சமரசத்தைக் குற்றமாக்க வேண்டும். பாதுகாப்பு இல்லம் ஒவ்வொரு மாவட்டத்திலும் பூட்டிக்கிடக்காத கட்டடமாக இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் நண்பர்களில் எவரேனும் நாளை உங்களிடம் வந்து நிற்கக்கூடும். வீரம் சொல்லி அனுப்பாதீர்கள். பயம் காட்டியும் அனுப்பாதீர்கள். வயதைக் கேளுங்கள், முன்திருமணம் உண்டா என்று கேளுங்கள், இருவரின் மதத்தையும் கேளுங்கள், சான்றிதழ்கள் எங்கே என்று கேளுங்கள். மாலை மாற்றும்போது சாட்சியாக நில்லுங்கள். அன்று இரவு அவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.